வாய்க்குக் காவல் வைத்த புகையிலை

இதை எழுதச் சொன்னது எனக்கு வைத்தியம் பார்த்த மதுரை டாக்டர். மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். வீட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் பரணில் போடச் சொன்னவள் நான். அப்படிப்பட்டவள் உட்கார்ந்து, என் வாய்க்கு வந்த கேட்டை ஊருக்கெல்லாம் எழுதிப் படிக்கக் கொடுப்பேனா? அவர் விடவில்லை. "நான் எழுதுனா, இந்த டாக்டருக்கு வேற சோலி இல்லன்னு ஓரமா வச்சிருவாங்கம்மா. பட்டவங்க எழுதுனாத்தான் ஒருத்தராவது படிப்பாங்க" என்றார். யார் படிப்பார்கள் என்று கேட்டேன். மெட்ராஸில் சுகாதாரத்துக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் என்றார். அவர்கள் படிக்கட்டும், படிக்காமல் போகட்டும். நான் என் மகளுக்காக எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவள். பேச்சில் நான் கெட்டிக்காரி, எழுத்தில் அவ்வளவு போதாது. இப்போது பேச்சும் போய்விட்டதால் இதுதான் கதி.

என் பெயர் செல்லத்தாய். போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மலையில் பறித்து, அங்கேயே உலர்த்தி, சாக்கில் கட்டி ஜீப்பில் இறக்குவார்கள். கீழே நாங்கள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, முறத்தில் கொட்டி, நல்ல பச்சைக் காய், வெடித்த காய், வண்டடித்த காய் என்று தரம் பிரித்துப் போடுவோம். அதற்குப் பிறகுதான் சரக்கு ஏலத்துக்குப் போகும். விலை கூடின சரக்கு. நாளெல்லாம் அதை அள்ளிக்கொண்டிருப்பவளுக்கு ஒரு காயை வாயில் போட எத்தனை நேரம் ஆகும்? முதலாளிகளுக்கு எப்போதும் அந்தப் பயம் உண்டு.

எங்கள் கிட்டங்கியில் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். காலையில் முறம் கொடுக்கும்போதே கணக்கப்பிள்ளை ஆளுக்கு ஒரு துண்டுப் புகையிலையும் கொடுப்பார். அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும். புகையிலை கிடக்கிற வாயில் ஏலக்காயைப் போட எவளுக்கும் மனசு வராது. மத்தியானம் சாப்பாட்டுக்கு எழும்போது, வாசல் ஓரத்தில் சாம்பல் கொட்டி வைத்த தொட்டியில் அவர் பார்க்கத் துப்பிவிட்டுப் போவோம். எச்சில் கறுத்திருந்தால் நாணயமானவள். வெளுத்திருந்தால், "என்னத்தா, வாயி சும்மாவா இருந்துச்சு?" என்று ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே போடாதவளும் போட்டாள். இதைக் கொடுமை என்று நாங்கள் நினைக்கவில்லை. ஓசிப் புகையிலை கொடுக்கிற தாராளமான முதலாளி என்று வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். பக்கத்துக் கிட்டங்கிப் பெண்களுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

என் மகள் தங்கம் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு என்னோடு வேலைக்கு வந்த அன்று அவளுக்கும் ஒரு துண்டு கிடைத்தது. தலை சுற்றி வாந்தி எடுத்தாள். வரிசை மொத்தமும் சிரித்தது. "போகப் போகப் பழகிரும்டி" என்று நானும் சிரித்தேன். பழகிவிட்டது.

என் இடது கன்னத்துக்குள் ஒரு புண் வந்தது. புகையிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு சுட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். எரிச்சல் கூடினால் அந்தப் புண் மேலேயே புகையிலையை அழுத்தி வைப்பேன். மரத்துப்போகும். மரத்துப்போவதைக் குணமாவது என்று நினைத்த கூறுகெட்டவள் நான். வாயிலிருந்து வாடை வர ஆரம்பித்ததும் எனக்கு மட்டும் தெரிந்தது. மற்றவர்களுக்குத் தெரியவில்லை. ஏலக்காய்த் தூசியில் நாளெல்லாம் புரளுகிறவள் மேல் வேறு எந்த வாடை தெரியும்? என் சேலை, தலைமுடி, படுக்கிற பாய் எல்லாம் ஏலக்காய்தான். வீட்டுக்காரரே கண்டுபிடிக்கவில்லை.

அவர் எஸ்டேட் ஜீப்பு ஓட்டுகிறவர். விடிகாலையில் ஆட்களை ஏற்றி மலைக்குப் போனால் இருட்டின பிறகுதான் இறங்குவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "என்ன புள்ள, கோழி கொத்துற மாதிரி திங்கிற? வாயத் தொற" என்றார். திறந்தேன். இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு மேல் திறக்கவில்லை. "நல்லாத் தொறடி." "அம்புட்டுத்தாங்க." அவர் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

உள்ளூர் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்காரரை மட்டும் தனியாக அழைத்துப் பேசினார். மறுநாள் காலை ரயிலில் மதுரைக்குப் போனோம். துணைக்கு வந்தவள் தங்கம்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே எனக்கு யாரும் குறை வைக்கவில்லை. வெளிநோயாளிக் கூடத்தில் நுழைந்ததும் நான் கண்டது வாய்களைத்தான். துண்டால் மூடிய வாய், முந்தானையால் பொத்திய வாய், எச்சில் வடியாமல் இருக்கக் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருந்த வாய். பீடி சுற்றுகிறவர், பீடி குடிக்கிறவர், மூக்குப்பொடி போடுகிறவர், என் மாதிரி அடக்கிக்கொள்கிறவர். ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. காய்ச்சல்காரன் பக்கத்தில் இருப்பவனிடம், "எனக்கு மூணு நாளாக் காய்ச்சல்" என்று சொல்வான். எங்கள் கூடத்தில் அந்தப் பேச்சே இல்லை. கையால் வாங்கி வாயில் போட்டு வரவழைத்துக்கொண்ட சீக்கு. கள்ளச்சாராயம் குடித்து விழுந்தவனைப்போல வெட்கமாக இருந்தது.

புண்ணின் ஓரத்தில் ஒரு துளிச் சதையைக் கிள்ளி எடுத்தார்கள். அதைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, பெரிதாக்கிக் காட்டுகிற கருவியில் பார்த்தால் நல்ல சதையா கெட்ட சதையா என்று தெரியுமாம். கிள்ளியது வலிக்கவில்லை. முடிவு வரும்வரை காத்திருந்ததுதான் வலி. முடிவு வந்ததும் டாக்டர் என் எதிரிலேயே சொன்னார். "புத்துநோய்ம்மா. கன்னத்துல இருந்து தாடை எலும்பு வரைக்கும் போயிருக்கு. கன்னத்தையும் எலும்புல ஒரு பங்கையும் எடுக்கணும். நெஞ்சுலருந்து தோலும் சதையுமா எடுத்து அந்த எடத்துல வச்சுத் தைப்போம். அப்புறம் கரண்ட் வைக்கணும்." கரண்ட் என்றதும் தங்கம் அலறிவிட்டாள். மின்சாரம் இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர், மிச்சம் மீதி இருக்கிற கெட்டதைச் சுட்டுவிடும் என்று அவளுக்கு விளக்கினார். பிறகு என்னைப் பார்த்து, "பொகையில இன்னையோட நிறுத்தணும். புரியுதா?" என்றார். புரிகிறது என்று தலையாட்டினேன். எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் நோயாளிகள் வரிசை நின்றது.

கட்டிலில் சேர்த்தார்கள். கத்தி வைப்பதற்கு முன்னால் பல்லெல்லாம் பிடுங்கினார்கள். கரண்ட் வைத்த தாடையில் பிறகு பல் பிடுங்கினால் ஆறாது என்பதற்காக முன்கூட்டியே எடுத்துவிடுவார்களாம். அந்த வலியை நான் பொறுத்துக்கொண்டேன். புகையிலை இல்லாமல் இருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. கை நடுங்கியது, தலை இடித்தது, யாரைக் கண்டாலும் எரிந்து விழுந்தேன். கஞ்சி கொண்டுவந்த ஆயாவைத் திட்டினேன். கடைசியில் தங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏத்தா, கேட்டுக்கிட்ட இருக்க பெட்டிக்கடைல ஒரே ஒரு துண்டு கொண்டாத்தா. சும்மா வச்சு எடுத்துர்றேன்."

"யம்மா, டாக்டரு என்ன சொன்னாரு?"

"அவருக்கென்ன தெரியும் என் அவதி? ஒன்னப் பெத்தவ கேக்குறேன். வெரசாப் போயிட்டு வா."

தாடையில் புற்று, வாயில் பல் பிடுங்கின ரத்தம். அந்த வாயை வைத்துக்கொண்டு பெற்ற மகளிடம் பிச்சை கேட்டேன். இதை எழுதும்போதுகூட உடம்பு கூசுகிறது. அவள் போனாள். முந்தானை முடிச்சில் கொண்டுவந்து கொடுத்தாள். பல் இருந்த இடத்துக்கும் கன்னத்துக்கும் நடுவில் வைத்து அழுத்தினேன். அப்பாடா என்று இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் நான் புற்றையே மறந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் சுற்றி வந்தார். கூட ஒரு சிஸ்டர், நடுவயசுக்காரி, கொஞ்சம் பருமனான உடம்பு. டாக்டர் என் வாயைத் திறக்கச் சொன்னார். திறக்காமல் இருந்தேன். அவருக்குக் கோபத்தில் முகம் சிவந்துவிட்டது. "யாரு வாங்கிக் குடுத்தது?" என்றார். தங்கம் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் தாழ்த்தினாள். அதைப் பார்த்தவர் அவளையும் வாயைத் திறக்கச் சொன்னார். அவள் கன்னத்திலும் ஒரு துண்டு இருந்தது. கூடம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் தாயும் மகளும் வாயைத் திறந்துகொண்டு இருந்தோம்.

அவளுடைய துண்டைத் துப்பச் சொல்லிவிட்டு உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். பார்த்தவர் கோபத்தை விட்டுவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "இங்க பாரும்மா. உள்பக்கம் வெள்ளையா ஒரு திட்டு இருக்கு. இது புத்து இல்ல. புத்து வந்து உக்கார்ற எடம். இப்ப நிறுத்துனா இதுவா மங்கிப்போகலாம். நிறுத்தலேன்னா, இன்னும் கொஞ்ச வருசத்துல இதே கட்டில்ல நீ படுத்திருப்ப" என்றார். தங்கத்துக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை.

அன்றிலிருந்து எனக்கு என் நோய் பெரிதாகத் தெரியவில்லை. இவள் விடுவாளா, மாட்டாளா, அது ஒன்றுதான் கவலை.

டாக்டர் போன பிறகும் அந்தச் சிஸ்டர் போகவில்லை. எங்களைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தங்கத்திடம், "ஒரு நாளைக்கு எப்ப எப்பத் தோணும்?" என்று கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் விழித்தோம். அதுவரை யாரும் எங்களிடம் அப்படிக் கேட்டதில்லை. "சாயந்திரம் பின்பக்க வராந்தாவுக்கு வா. வேற நாலஞ்சு பேரும் வருவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அறுவை முடிந்து கண் விழித்தபோது நெஞ்சும் முகமும் ஒன்றாக இழுத்துத் தைத்த மாதிரி இருந்தது. மூக்கு வழியாக ஒரு ரப்பர் குழாய். வாயால் விழுங்க முடியாதவர்களுக்கு அது நேராக வயிற்றுக்குப் போகிறது. வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தானாக மொண்டு குடிக்காத மனுஷர், என் வீட்டுக்காரர், கஞ்சியைக் காய்ச்சி, வேட்டித் துணியில் வடிகட்டி, சூடு பார்த்து அந்தக் குழாயில் ஊற்றினார். ஒரு தடவை கட்டி அடைத்துக்கொண்டதற்கு, "ஜீப்பு டீசல் பைப்பே இம்புட்டுப் படுத்தாது புள்ள" என்றார். சிரிக்க வந்தது, முடியவில்லை. என் தோடு போன இடம் எனக்குத் தெரியும். அவர் கைக்கடிகாரம் போனதை வெகுநாள் கழித்துத்தான் பார்த்தேன். கேட்டதற்கு, "மணி பாத்து என்ன செய்யப்போறேன்" என்றார்.

முகத்தைப் பற்றி ஒரே ஒரு தடவை எழுதிவிட்டு விடுகிறேன். இடது பக்கம் உள்வாங்கி, உதடு கோணி, நெஞ்சிலிருந்து வைத்த தோல் வேறு நிறத்தில் ஒட்டுப்போட்டதுபோல இருக்கிறது. எச்சில் தானாக வடியும். பேசினால் எனக்கே புரியாது. பார்க்க வந்த என் அண்ணன் மகன், சின்னப் பிள்ளை, என்னைக் கண்டதும் கட்டிலுக்கு எட்டவே நின்றுகொண்டான். அவனை யாரும் அதட்ட வேண்டாம் என்று கையைக் காட்டினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

என் கட்டிலிலிருந்து ஜன்னல் வழியாகப் பின்பக்க வராந்தா தெரியும். சிஸ்டர் தன் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் அங்கே வந்து உட்காருவாள். நோயாளிகளுக்குத் துணைக்கு வந்தவர்கள் கொஞ்சப் பேர் சுற்றி உட்காருவார்கள். உப்புப் போட்டுக் காயவைத்த நெல்லிக்காய்த் துண்டும் கிராம்பும் ஒரு டப்பாவில் வைத்திருப்பாள். அவள் காசில் வாங்கியது. பெரிய பிரசங்கம் ஒன்றும் கிடையாது. "வந்துருச்சா? வரட்டும். கொஞ்ச நேரத்துல வந்த வழியே போயிரும். அதுவரைக்கும் எங்கூடக் குழாயடி வரைக்கும் நடந்து வா" என்று தங்கத்தை எழுப்பி அழைத்துப்போவாள். போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவார்கள். ஒருநாள் ஒரு பெரியவர் தலையைச் சொறிந்துகொண்டு, நேற்றைக்குப் போட்டுவிட்டேன் தாயி என்றார். "சரி, எந்த எடத்துல வச்சுப் போட்டீங்க? யாரு குடுத்தா? அந்தப் பக்கம் நாளைக்குப் போகாம இருக்க முடியுமா?" என்றுதான் கேட்டாள். அவரை ஒரு வார்த்தை குறைத்துப் பேசவில்லை. வெட்கப்படுகிறவனைத் திட்டினால் அவன் ஒளித்துப் போடப் பழகுவான், விட மாட்டான் என்று என்னிடம் பிறகு சொன்னாள்.

தங்கம் விட்டாள். லேசில் இல்லை. அழுதாள், என் மேல் எரிந்து விழுந்தாள், கிராம்பைக் கடித்துக் கடித்து நாக்கு பொத்துப்போனது. ஆனால் விட்டாள். எனக்குக் கரண்ட் வைத்து முடிகிற சமயம் டாக்டர் அவள் வாயைப் பார்த்துவிட்டு, திட்டு வெளுப்புக் குறைந்திருக்கிறது என்றார். அன்றைக்கு நான் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு முதல் தடவையாகக் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

கரண்ட் அறைக்கு வெளியே காத்திருக்கிற நேரத்தில் ஆண்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். என் வீட்டுக்காரர் ஒருநாள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "குடும்பக் கட்டுப்பாடுன்னு சர்க்காரு ஜீப்பு எங்க எஸ்டேட்டு வரைக்கும் ஏறி வந்துச்சுங்க. ராசிங்காபுரத்துலயும் சிலமலையிலயும் தெரை கட்டிப் படம் காட்டுனாக. செவப்பு முக்கோணம் இல்லாத செவரே கெடையாது. மலேரியாக்காரக வீடு வீடா வந்து மருந்தடிச்சாக. பொகையிலைக்குன்னு எந்த ஜீப்பு வந்துச்சு? பீடிக் கம்பெனி வேனுதான் வந்துச்சு, பாட்டுப் போட்டுக்கிட்டு, ஓசிக்குக் கட்டு குடுத்துக்கிட்டு." பக்கத்தில் இருந்தவர், சிகரெட்டுப் பெட்டியில் ஏதோ எச்சரிக்கை போட்டிருக்கிறார்களே என்றார். "எங்க ஆளுக பீடி குடிக்கிறாக. பொகையிலையத் தாள்ல சுத்திக் குடுக்குறாக. அந்தத் தாள்ல என்ன எழுதியிருக்கு?" என்றார் இவர். நான் பேச முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு யோசிக்கிற மனுஷர் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

நாங்கள் ஊருக்குக் கிளம்புகிற சமயத்தில் சிஸ்டரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். யார் மேலும் தப்பில்லை, மாற்றல் முறைப்படி வந்ததுதான். வராந்தாவில் உட்காருவது அவளுடைய உத்தியோகம் இல்லை. அவள் இடத்துக்கு வந்தவள் தன் உத்தியோகத்தைச் சரியாகச் செய்துவிட்டு வீட்டுக்குப் போனாள். வராந்தா காலியாக இருந்தது. இதற்கென்று ஓர் ஆள், ஓர் அறை, ஊர் ஊராகப் போக ஒரு வண்டி, இவ்வளவு போதும் என்று டாக்டர் மேலே எழுதிக் கேட்டாராம். அப்படி ஒரு திட்டம் இல்லை, அதனால் ஒதுக்கீடும் இல்லை என்று பதில் வந்ததாம். புகையிலையிலும் பீடியிலும் சிகரெட்டிலும் வரி வாங்க மட்டும் திட்டம் இருக்கிறது. என் ஒருத்தி வாயை அறுத்து, தைத்து, கரண்ட் வைத்த செலவில் அந்தச் சிஸ்டரை எத்தனை காலம் அந்த வராந்தாவில் உட்கார வைத்திருக்கலாம்? எனக்குக் கணக்கு வராது. மெட்ராஸில் கணக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

போடிக்கு வந்தோம். நான் வேலைக்குப் போகிற நிலையில் இல்லை. தங்கம் மட்டும் கிட்டங்கிக்குப் போனாள். முறத்தை வாங்கிக்கொண்டு, புகையிலை வேண்டாம் என்றாள். கணக்கப்பிள்ளை கெட்டவர் இல்லை. "ஒங்காத்தா பட்ட பாடு எனக்குத் தெரியாதாத்தா? ஆனா எல்லாத்துக்கும் ஒரே சட்டம். நீ போடாம உக்காந்தா நாளைக்குப் பத்துப் பேரு எனக்கும் வேணாம்பா. அப்புறம் காய்க்கு யாரு காவலு?" என்றார். இருந்தும் விட்டுவிட்டார். சில வாரம் அப்படியே போனது. ஒருநாள் ஒரு மூட்டையில் எடை குறைந்தது. யாரும் அவள் பேரைச் சொல்லவில்லை. வெறும் வாயோடு உட்கார்ந்திருந்தவள் அவள் ஒருத்திதான். சாயங்காலம் வாசலில் எல்லாரும் பார்க்க, "ஒரு மொற வாயத் தொறத்தா, சந்தேகம் தீந்துரும்" என்றார். திறந்தாள். ஒன்றும் இல்லை. மறுநாள் காலை முறத்தோடு ஒரு துண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

எனக்கு எப்படித் தெரிந்தது? நான் எதையோ கேட்டதற்கு உதட்டைத் திறக்காமல் "ம்" என்றாள். அந்த "ம்" எனக்குத் தெரியாதா? நான் எத்தனை வருஷம் அப்படிப் பதில் சொன்னவள்! அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். "அடி. திருடின்னு பேரு வாங்குறதுக்கு இது மேலு" என்றாள். ஓங்கின கை இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வாசல் தாண்டாதவள், மறுநாள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கிட்டங்கிக்குப் போனேன். முதலாளி உள்ளே இருந்தார். முக்காட்டை எடுத்தேன். அவர் ஒரு தடவை பார்த்துவிட்டு மேஜையைப் பார்த்துக்கொண்டார். என் பேச்சு புரியாது என்று தங்கத்தைச் சொல்லச் சொன்னேன். அவள் சொல்லி முடிப்பதற்குள், "போதும்மா, இனி குடுக்கல" என்றார். சொன்னபடி நிறுத்தினார். துப்புகிற தொட்டியையும் எடுக்கச் சொன்னார். நல்ல மனுஷர். இதோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். எனக்கு எப்போதுமே அவசரப் புத்தி.

அந்த வாரமே கிட்டங்கியில் சண்டை. தலைவலி, கை நடுக்கம், ஒருத்தி முறத்தை இன்னொருத்தி தட்டிவிட்டாள். கடைசியில் எல்லாரும் பெட்டிக்கடையில் சொந்தக் காசில் வாங்கிப் போட ஆரம்பித்தார்கள். சிலமலையிலிருந்து பஸ்சில் வந்து போகிற வீராயி, என்னோடு வெகுகாலம் ஒரே வரிசையில் உட்கார்ந்தவள், ஒரு சாயங்காலம் என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"யக்கா, ஓசில குடுத்ததையும் நிப்பாட்டிட்ட. ஒம் மூஞ்சியையும் பாத்தாச்சு. நெஞ்சு திக்குனு இருக்கு, இல்லங்கல. இப்ப எப்படி விடுறது? அதச் சொல்லு."

சிஸ்டர் சொன்னதையெல்லாம் எனக்குத் தெரிந்த வரை சொன்னேன். நான் குழறினதைத் தங்கம் எடுத்துச் சொன்னாள். கிராம்பு, நெல்லிக்காய், தண்ணீர், எழுந்து கொஞ்சம் நடப்பது. வீராயி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"ஆசுபத்திரியில சும்மா உக்காந்திருக்கவகளுக்கு அது சரிக்கா. எனக்கு மொறத்துக்கு முன்னாடி உக்காந்திருக்கப்ப வருது. அப்ப யாரு வந்து என்னய எந்திரிக்கச் சொல்லுவா? யாரு எங்கூட நடப்பா?"

காட்ட எனக்கு முகம் இருந்தது, கூட நடக்க உடம்பில் தெம்பு இல்லை. கடைசி பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் எழுந்து போனாள். தங்கமும் விடுவதும் போடுவதுமாக இருந்தாள். ஒரு வாரம் கிராம்பு, மறு வாரம் புகையிலை. ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்க்க முடியாமல் அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாள். அவளுக்கு என்னைப் பார்க்க வெட்கம். எனக்கு அவளைப் பார்க்க வெட்கம். ஒரே வீட்டில் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

போன வாரம் என்னைச் சோதித்துப் பார்க்கிற முறை. மதுரைக்குப் போனோம். எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். பிறகு தங்கத்தை நாற்காலியில் உட்காரச் சொன்னார். விரலால் தடவிப் பார்த்தார், மறுபடியும் தடவினார். திட்டு தடித்திருக்கிறது, ஓரத்தில் சிவந்திருக்கிறது, ஒரு துளி கிள்ளி எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். என்னிடம் சொன்ன அதே குரலில் சொன்னார். அதற்குப் பிறகுதான் இதை எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்.

கிள்ளின இடத்தில் பஞ்சை வைத்துக் கடித்துக்கொண்டு தங்கம் வெளியே வந்தாள். உட்கார இடம் தேடி நடந்ததில் இரண்டு பேரும் பின்பக்க வராந்தாவுக்குத்தான் வந்து சேர்ந்தோம். யாரோ அங்கே சக்கர நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு பஞ்சை எடுத்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"யம்மா, அந்த சிஸ்டரு நம்ம ஊர்ல இருந்திருந்தா நான் விட்டிருப்பேன்ல?"

"விட்டிருப்பத்தா" என்றேன்.

முடிவு இன்னும் வரவில்லை. மகள் அப்படிக் கேட்டபோது எனக்கு வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இதைப் படிக்கிற ஐயாமாரே, அம்மாமாரே, வெட்கப்பட வேண்டியவள் நான் ஒருத்திதானா?